தூர் வாரினோம், தூரை விட்டுவிட்டோம்

2017ஆம் ஆண்டு வைகாசியில் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் எடுத்த புகைப்படம் ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஓரத்தில் மூன்று ஜேசிபி இயந்திரங்கள் நிற்கின்றன. நடுவில் ஊர்ப் பெரியவர்களும், சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் விடுப்பெடுத்து வந்திருந்த நாங்களும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பரப்பு, நான் பிறந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் கண்டிராத வகையில், எதிர்க்கரைப் பனைமரங்கள் வரைக்கும் வெட்டவெளியாகக் கிடக்கிறது. சீமைக்கருவேலத்தை ஒழித்துவிட்டோம் என்று அன்று நான் உளமார நம்பினேன். அந்தப் பணிக்காக வீடு வீடாக ஏறி இறங்கியும், வெளிநாட்டில் இருப்பவர்களை இரவில் தொலைபேசியில் அழைத்தும் பணம் திரட்டியவன் நான். வசூல் நோட்டு முழுவதும் என் கையெழுத்துதான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஊர் திரும்பி அதே இடத்தில் நின்று பார்த்தேன். எதிர்க்கரை தெரியவில்லை. நாங்கள் வெட்டிய ஒவ்வொரு மரத்தின் அடியிலிருந்தும் ஐந்தாறு கொம்புகள் கிளைத்து ஆளுயரத்துக்கு மேல் பின்னிக்கொண்டு நின்றன. முன்பாவது ஆடு மேய்ப்பவர் குனிந்து நுழைய வழியிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

பணம் போனது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஊர் கூடிச் செய்த ஒரு நல்ல காரியம் ஏன் மூன்று ஆண்டுகூட நிற்கவில்லை என்ற கேள்விதான் உறக்கத்தைக் கெடுத்தது. மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பணம் கொடுத்தார்கள், வந்து நின்றார்கள், கைதட்டினார்கள். நீண்ட நாள் சுற்றிச் சுற்றி யோசித்த பிறகே, நான் ‘மக்கள்’ என்று எண்ணியிருந்த கணக்கிலேயே பிழை இருந்தது என்பது விளங்கியது. அதை எனக்கு விளக்கியவர் கண்மாயின் மேற்கு மூலையில் கரிமூட்டம் போடும் ஓர் அக்கா.

அந்த ஆண்டின் அவசரம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் இடையில் வாழ்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பொய்த்தது என்பதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. புழுதியில் விதைத்த நெல் முளைத்து ஒரு சாண் உயரத்தில் கருகியது. அந்த வேதனையோடு 2017 பிறந்தபோது, நீர்நிலைகளில் உள்ள சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. அந்த ஆண்டிலேயே அந்தப் பணிக்கு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையும் வந்தது. ஆனால் அதற்குள் எங்கள் பகுதியில் முள் அகற்றுவது ஓர் இயக்கமாகவே மாறியிருந்தது. இந்த மரம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே வரவிடாமல் தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன். அது தவறு. கடலில் பிறக்கும் காற்றழுத்தத் தாழ்வு கொண்டுவரும் மழையை எங்கள் ஊர் முள்ளால் தடுத்துவிட முடியாது. மரத்தின் மீது இல்லாத பழியைச் சுமத்தியதால், அது உண்மையில் செய்யும் கெடுதலை நாங்கள் சரியாகப் பார்க்கத் தவறினோம்.

அந்தக் கெடுதல் சிறியதன்று. வரத்துக்கால் நெடுகிலும் முள் அடைத்துக்கொண்டால் மேல்பக்கத்து ஊரின் கண்மாய் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர் எங்களிடம் வந்து சேராமல் இடையிலேயே தேங்கிப் பிரிந்துவிடுகிறது. தேங்கும் இடத்தில் வண்டல் படிகிறது. படிந்த வண்டலில் மேலும் முள் முளைக்கிறது. மடையின் கட்டுமானத்துக்குள் வேர் நுழைந்து கல்லைப் பிளக்கிறது. ஓர் ஆண்டு தரிசாக விட்ட வயல் மறு ஆண்டே முள்ளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. அதை மீட்க ஆகும் செலவு, அந்த வயலில் விளையும் மிளகாயின் விலையைத் தாண்டிவிடுகிறது. 1877ஆம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பைப் பக்கம் விதைத்தபோது, வறண்ட நிலத்துக்கு விறகு தரும் மரம் என்றே இதனைக் கருதினார்கள். விறகு தரும் என்ற அந்த வாக்கை மரம் காப்பாற்றவும் செய்தது. எங்கள் ஊரில் நிலமில்லாத முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்த வாக்கை நம்பியே இரண்டு தலைமுறையாகச் சோறு தின்கின்றன. இதை நான் அறியாதவன் அல்லன். கண்மாயை மீட்பது பற்றிப் பேசிய ஒரு கூட்டத்தில்கூட அது என் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

மேற்கு மூலை

2020ஆம் ஆண்டு ஆடி மாதத்தின் ஒரு விடியற்காலையில் கரை மேல் நடந்துகொண்டிருந்தபோது மேற்கு மூலையில் புகை தெரிந்தது. இறங்கிச் சென்றேன். மூட்டம் என்றால் பலரும் விறகைக் குவித்துத் தீ வைப்பது என்று எண்ணுகிறார்கள். தீயைக் கட்டுவதுதான் அதில் உள்ள வேலை. பருத்த கட்டைகளை நடுவிலும் சிம்புகளை ஓரத்திலும் நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, அதன் மேல் ஈரமண் பூசி, அடியில் சில துளைகள் மட்டும் விட்டு நெருப்பு வைக்கிறார்கள். உள்ளே காற்று அதிகமானால் எல்லாம் சாம்பலாகும். குறைந்தால் பாதி வெந்த கட்டையாக நின்றுவிடும். ஒரு வாரத்துக்கு மேல் இரவும் பகலும் பக்கத்திலேயே கிடந்து, மண் வெடிக்கும் இடத்தை உடனுக்குடன் பூசி, துளைகளை அடைத்தும் திறந்தும் காவல் காக்க வேண்டும். நான்கைந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரி கிடைத்தால் நல்ல மூட்டம். அந்த அக்கா புகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக வந்த புகை நீலம் பாய்ந்து மெலியத் தொடங்கினால் உள்ளே கரி பழுத்துவிட்டது என்று பொருளாம். அதைச் சொல்லிக்கொண்டே, வெறுங்காலால் மூட்டத்தின் விளிம்பை அழுத்திச் சூட்டைப் பார்த்துவிட்டு ஒரு துளையை மண்ணால் அடைத்தார்.

“இவ்வளவு செலவு செய்து வெட்டியும் மறுபடி வந்துவிட்டதே அக்கா” என்று ஆற்றாமையோடு சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மரத்த வெட்டுனீங்க, சரி தம்பி. தூர விட்டுட்டுப் போயிட்டீங்களே.”

“தூர் வாரத்தானே அக்கா மெஷின் விட்டோம்.”

“நான் அந்தத் தூரைச் சொல்லல. இந்தத் தூரைச் சொல்றேன்” என்று பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து ஓர் அடிக்கட்டையைத் தட்டினார்.

பிறகு அதைச் சுற்றி மண்ணைப் பறித்துக் காட்டினார். தண்டும் வேரும் சேரும் இடத்தில் மரம் ஒரு முட்டி போலப் புடைத்திருந்தது. முளை எல்லாம் அந்தப் புடைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன. மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில், அந்தப் புடைப்புக்கும் அடியில் வெட்டி எடுத்துவிட்டால், எஞ்சிய வேர் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் தானே மட்கிப்போகும். இயந்திரம் மரத்தை இழுத்தபோது பாதி மரங்கள் தரைமட்டத்தில் ஒடிந்துவிட்டன. மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு தூரையும் தோண்டி எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. விறகை ஏலம் எடுத்த வெளியூர் வியாபாரிக்குத் தூர் தேவைப்படவில்லை; லாரியில் ஏற்ற நேரான கட்டை போதும். ஆனால் கரி போடுபவருக்குத் தூர்தான் தங்கம். அதில் எடுக்கும் கரி கனமாக இருக்கும், நின்று எரியும், விலையும் கூடுதல். எது வேண்டாம் என்று நாங்கள் விட்டுச் சென்றோமோ அதுவே மரம் மீண்டும் முளைப்பதற்குக் காரணம். அதுவே அவருக்கு வருமானம். அந்தப் புகைப்படத்தில் நின்ற எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. கண்மாயின் மூலையிலேயே வாழும் அந்தக் குடும்பங்களில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் குற்றம் சொல்லும் குரலில் எதையும் சொல்லவில்லை. கேட்டதால் சொன்னார். உள்வாய் விறகு முழுவதும் ஏலத்தில் போனதால் அந்த ஆண்டு மூட்டம் போட வழியில்லாமல், கணவரும் மூத்த மகனும் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனதையும், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் அந்த ஆண்டோடு நின்றுவிட்டதையும் அதே நிதானத்தோடு சொன்னார். முள் திரும்பி வந்தபோது எனக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. அவர் வீட்டிலோ வெளியூர் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரே கன்று, ஒருவருக்குப் பகையாகவும் மற்றவருக்குப் பிழைப்பாகவும் முளைத்திருக்கும்போது, மழைக்குப் பின் குனிந்து அதைப் பிடுங்கப்போவது யார்? 

ஊர் என்பது யார்

பொதுவேலை என்று வந்தால் நாங்கள் உடனே குடிமராமத்தைப் பற்றிப் பேசுவோம். முன்னோர் சேர்ந்து கரையைக் காத்தார்கள், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று நானும் மேடையில் பேசியிருக்கிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த ஆண்களை வேலைக்கு அழைக்கலாம் என்பதே அதன் ஏற்பாடு. மண் சுமந்தவர் யார், வயல் விளைந்தது யாருக்கு என்ற வேறுபாடு அப்போதும் இருந்தது. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று வாய் நிறையச் சொல்கிறோம். வெட்டிய பாண்டியனின் பெயரையும் நினைவில் வைத்திருக்கிறோம். நிறைந்த தண்ணீரில் மூச்சடக்கி மூழ்கி, தண்ணீர் வெளியேறும் துளையான குமிழியைத் திறந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுபவரே நீர்பாய்ச்சி. எங்கள் ஊரின் கடைசி நீர்பாய்ச்சி இன்னும் இருக்கிறார். எண்பதை நெருங்கும் அவரைத் தேடி நான் போனது அந்தக் கரிமூட்டத்துக்குப் பிறகுதான். எந்த வயலுக்கு எந்த வாய்க்காலில் எத்தனை நாழிகை, தண்ணீர் குறைந்தால் எந்த முறையில் பங்கு, மிகுநீர் வழியும் கலுங்கின் கற்களுக்கு இடையில் எந்த மாதத்தில் மண்ணும் தழையும் வைத்து அடைக்கலாம், எந்த அளவுக்கு மேல் அடைத்தால் மேல்பக்கத்து ஊரின் வயல் மூழ்கும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. களத்தில் நெல்லாக அவருக்குக் கொடுத்துவந்த பங்கை ஊர் எப்போது நிறுத்தியது என்று கேட்டேன். யாரும் நிறுத்தவில்லை, கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக மறந்துவிட்டார்கள் என்றார். என்னைவிட முப்பது வயது மூத்த அவர், பேச்சின் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஐயா’ என்று முடித்தார். என்னைத் தம்பி என்று அழையுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதற்குச் சிரித்தாரே தவிர, இன்றுவரை அழைக்கவில்லை.

2017இல் நாங்கள் வாரிய தூரைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். இயந்திரங்கள் உள்வாயின் நடுவில் ஆழமாகத் தோண்டிய பள்ளங்கள் மடையின் வாய்மட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. அங்கே நிற்கும் தண்ணீர் மாட்டுக்கும் மீனுக்கும் உதவும். வயலுக்கு ஒரு சொட்டும் ஏறாது. மடைக்கு மேலே, உள்வாயின் விளிம்பில் மெல்லிதாகப் படிந்திருக்கும் வண்டலை அகலமாகச் சுரண்டி எடுப்பதுதான் வயலுக்குப் பயன்படும். ஆழம் கூடக் கூட நல்லது என்று மண்ணின் கனஅளவைக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்த எங்களிடம் இதை அவர் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். கூட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. பாசனத்துக்கென்று 2000ஆம் ஆண்டில் வந்த சட்டமும் ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், நிலம் வைத்திருப்பவரைத்தான் பாசனச் சங்க உறுப்பினராக ஏற்கிறது. கரி போடும் அக்காவுக்கு நிலம் இல்லை. நீர்பாய்ச்சிக்கும் நிலம் இல்லை. கண்மாயை மிக நன்றாக அறிந்த இருவருக்கும் கண்மாயைப் பற்றிப் பேசும் இடத்தில் இருக்கை இல்லை.

பட்டா நிலத்தில் தொடங்கியது

அடுத்த ஆண்டு நாங்கள் கண்மாய்க்குள் இறங்கவில்லை. அங்குள்ள மரங்களின் உரிமை ஊருடையதன்று. அனுமதிக்கு எழுதிவிட்டு, காத்திருக்கும் காலத்தில் எங்கள் கையில் இருந்த பட்டாத் தரிசுகளில் தொடங்கினோம். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூட்டம் போட்டபோது முதல்முறையாகக் கரி போடும் குடும்பங்களையும் அழைத்தோம். ஏற்பாடு எளிது. விறகும் தூரும் அவர்களுக்கு, விலையில்லாமல். ஈடாக, ஒரு சாண் ஆழத்தில் தூரை எடுத்துத் தர வேண்டும். அடுத்த மூன்று மழைக்காலத்திலும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டும், அதற்கு நில உரிமையாளர் நாள்கூலி தர வேண்டும். “சும்மா கிடக்கும் மரத்துக்கே ஏக்கருக்கு இவ்வளவு என்று வியாபாரி தருகிறான், இவர்களுக்கு ஏன் இனாம்?” என்று என் சித்தப்பாவே எதிர்த்தார். வியாபாரி வெட்டிய அவருடைய பங்கு நிலம் மூன்று முறை முளைத்துவிட்டது என்பதை நான் நினைவுபடுத்தினேன். அன்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து நிலம் உழவுக்கு வந்து, வண்டல் அடித்து, முண்டு மிளகாய் நட்டுச் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் எழுந்த உற்சாகமும் சிலரைத் தரிசின் பக்கம் திருப்பியது.

எல்லாம் எண்ணியபடி நடந்ததாகச் சொல்ல மாட்டேன். இரண்டாம் ஆண்டில், தூர் எடுத்துச் சுத்தமாக்கிய நிலத்தில் வரிசை வரிசையாகக் கன்றுகள் முளைத்தன. உரத்துக்காக இரவில் ஆடுகளை அடைக்கும் கிடை அமர்த்திய இடம் அது. கோடையில் வேறு தீவனம் இல்லாத எங்கள் பகுதியில் ஆடுகள் சீமைக்கருவேல நெற்றைத் தின்றுதான் உயிர் பிழைக்கின்றன. நெற்றின் சதை செரித்து, விதை மட்டும் முளைப்புக்கு ஆயத்தமாகிப் புழுக்கையோடு வெளியே வருகிறது. அந்த ஆடுகளில் பாதி, முள்ளை வெட்டியெடுத்த குடும்பங்களின் ஆடுகள். கோபப்பட்டவர்கள் ஆடு வளர்ப்பதையே தடுக்க வேண்டும் என்றார்கள். ஒருவரின் கையில் மீதமிருக்கும் கடைசிச் சொத்தை விட்டுவிடச் சொல்லி எந்த நிலத்தையும் மீட்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நெற்று உதிரும் மாதங்களில் கிடையை வயலில் அமர்த்தாமல் பட்டியிலேயே அடைத்து, புழுக்கையைக் குழியில் நன்றாக மட்கவைத்த பின் வயலுக்குக் கொண்டுபோவது என்று பேசி முடித்தோம். வெளியிலிருந்து வரும் கிடைகளுக்கு இதை விளக்குவது இன்றும் கடினமாகவே இருக்கிறது.

முள்ளே இல்லாத ஊர் என்ற கனவையும் நான் விட்டுவிட்டேன். கிழக்கே உப்புப் பூத்த களர் நிலம் ஒன்று உண்டு. வேறு எதுவும் அங்கே வேர் பிடிப்பதில்லை. அதை மூட்டத்துக்கென்று ஒதுக்கி, சுற்றிலும் வரப்புக் கட்டி, முறைவைத்து வெட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று தமிழக அரசு 2022ஆம் ஆண்டு ஒரு கொள்கையை வெளியிட்டது. அதற்குப் பிறகு உள்வாயில் ஒரு பகுதிக்கு அனுமதி கிடைத்தபோது, அங்கிருந்த நாட்டுக்கருவேல மரங்களைத் தொடக்கூடாது என்பதைக் கரி போடுபவர்களே முதலில் சொன்னார்கள். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களில் கூடு கட்டும் கொக்கும் நாரையும் சில ஆண்டுகளில் எங்கள் கண்மாய்க்கும் வருகின்றன. அவை வந்து தங்கினால் அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊரின் பழைய கணக்கு.

நீர்பாய்ச்சிக்குக் களத்தில் மீண்டும் நெல் அளக்கிறோம். அவர் இப்போது கரைக்கு வருவதில்லை. அவரிடம் கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்கள் வந்தார்கள், ஒருவர் நிலைத்திருக்கிறார். அவர் மாதச் சம்பளமாகப் பணம் கேட்கிறார். நெல்லை மட்டும் கொடுத்து ஒருவரை ஓர் ஊருக்குக் கட்டிவைப்பது இந்தக் காலத்தில் நியாயமில்லை என்பதால் அவர் கேட்பது சரி என்றே எனக்குப் படுகிறது. பணத்துக்கு, கண்மாயில் மீன்பிடிக்கும் உரிமையை விடும் மீன்பாசி ஏலத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம் என்று சொன்னேன். அந்தப் பணம் வழக்கமாகக் கோயில் திருவிழாவுக்குப் போகிறது. மந்தையில் இரண்டு முறை பேசியும் முடியவில்லை. வரும் தை மாதத்தில் மீண்டும் பேச வேண்டும்.

சென்ற கார்த்திகையில் மூன்று நாள் மழை விட்ட மறுநாள் காலை, கன்று பிடுங்கும் வேலைக்கு நானும் போயிருந்தேன். மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் ஆணிவேர் முழுதாக உருவிக்கொண்டு வருகிறது. பத்து நாள் தாமதித்தால் நடுவில் அறுந்து உள்ளேயே நின்றுவிடுகிறது. ஆகையால் அந்தச் சில நாள்கள்தான் வேலை. அக்கா எனக்கு முன்னால் குனிந்தபடி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்திய மகள் இப்போது தனித்தேர்வு எழுதிப் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டதாகச் சொன்னார். பேசிக்கொண்டே ஒரு கன்றை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத அதன் அடியில், நனைந்து உப்பிய ஓர் ஆட்டுப் புழுக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. வேரைத் தொங்கவிட்டு அளந்து பார்த்தேன். கன்றின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு இருந்தது.